ஆப் வைத்து ஓட்டும் ரோபோ பொம்மைகள்: மூளை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கேட்கப்பட்டது இது: ஒன்பது வயது மகளுக்கு, போன் ஆப் மூலம் இயக்கும் ரோபோ பொம்மை ஒன்று வாங்க வேண்டும். ஆயிரத்துச் சொச்சத்திலும் கிடைக்கிறது, இருபதாயிரத்துக்கு மேலும் இருக்கிறது, என்ன வித்தியாசம்? ஆப் எதற்கு லொகேஷன் கேட்கிறது? கம்பெனியை மூடிவிட்டால் பொம்மை என்ன ஆகும்? நாமே ஒன்று செய்துவிட முடியாதா?

கம்பெனி மூடினால் என்ன ஆகும் என்பதில் தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் அதற்குள்ளேயே கிடக்கிறது.

2016-இல் ஆன்கி என்ற அமெரிக்க நிறுவனம் காஸ்மோ என்று ஒரு ரோபோவை 180 டாலருக்கு விற்றது. உள்ளங்கையில் அடங்கும் உருவம், சின்னத் திரையில் இரண்டு கண், முன்னால் ஒரு தூக்குக் கை, விளையாட மூன்று கட்டைகள். ஆள் முகத்தை அடையாளம் கண்டு பேர் சொல்லிக் கூப்பிடும், ஆட்டத்தில் தோற்றால் கோபித்துக்கொள்ளும். பார்ப்பவர்கள் இந்தக் குட்டி உடம்புக்குள் இவ்வளவு அறிவா என்று அசந்துபோனார்கள், ஆனால் அறிவில் பெரும்பகுதி அதற்குள் இல்லவே இல்லை. காஸ்மோ தானே ஒரு வைஃபை நெட்வொர்க்கைக் கிளப்பும். தூக்குக் கையைக் கையால் மேலும் கீழும் ஒருமுறை அசைத்தால் அதன் கடவுச்சொல் முகத் திரையிலேயே தெரியும். போன் அதில் சேர்ந்ததும் கேமராப் படங்கள் போனுக்குப் போகும், முகம் யாருடையது, கட்டை எந்தப் பக்கம் கிடக்கிறது, அடுத்து எந்த வழியாகப் போவது என்று எல்லாவற்றையும் ஆப் கணக்குப் போட்டு, இப்படித் திரும்பு, இப்படிச் சிணுங்கு என்று திருப்பி அனுப்பும். உங்கள் போன்தான் அதன் மூளை.

அடுத்து 2018-இல் அதே நிறுவனம் வெக்டர் என்று இன்னொன்றைக் கொண்டுவந்தது. இதற்குப் போன் மூளை வேண்டாம், உடம்புக்குள்ளேயே நல்ல சிப் இருந்தது. ஆனால் நாம் பேசுவதைப் புரிந்துகொள்ளும் வேலை, இணையத்தின் வழியே நிறுவனத்தின் சர்வரில், அதாவது அவர்கள் ஓட்டும் கணினியில் நடந்தது. 2019 ஏப்ரல் கடைசியில் ஆன்கி மூடப்போவதாகச் செய்தி வந்தது, 200 பேர் அளவுக்கு வேலை போனது. அப்போது பாருங்கள், வயதில் மூத்த, விலை குறைந்த காஸ்மோ, போனில் ஆப் இருக்கும்வரை பழையபடி விளையாடிக்கொண்டிருந்தது. புதிய வெக்டர் வைத்திருந்தவர்களுக்குத்தான், சர்வரை நாளைக்கு யார் ஓட்டுவார்கள் என்ற பயம் வந்தது. பிறகு பிட்ஸ்பர்க்கில் உள்ள டிஜிட்டல் ட்ரீம் லேப்ஸ் அந்தச் சொத்துகளை வாங்கியது. அதற்கும் மேலாக, ஆர்வலர்கள் சேர்ந்து வயர்பாட் என்ற மென்பொருளை எழுதி, வீட்டுக் கணினியையே வெக்டருக்குச் சர்வர் ஆக்கிவிட்டார்கள். காஸ்மோவுக்கும் பைகாஸ்மோ என்று ஒன்று உண்டு, ஆப்பே இல்லாமல் கணினியிலிருந்து நேராக அதோடு பேசலாம்.

இதே கதை 2024 டிசம்பரில் இன்னும் கசப்பாக நடந்தது. மாக்ஸி என்ற 800 டாலர் ரோபோ, குழந்தைகளோடு உட்கார்ந்து பேசவே செய்யப்பட்டது. பேச்சு முழுக்க இணையத்தின் வழியே வந்துகொண்டிருந்தது. எம்பாடிட் என்ற அதன் நிறுவனத்துக்குப் பணம் கிடைக்கவில்லை, மூடுகிறோம் என்றார்கள், ரோபோ இனி பேசாமல் போகலாம் என்பதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று பெற்றோர்கள் திண்டாடினார்கள். கடைசி நேரத்தில், சொந்தமாகச் சர்வர் வைத்து ஓட்ட ஒரு திறந்த மென்பொருளை விட்டுச் சென்றார்கள் என்பது ஓர் ஆறுதல். ஆனால் அதை நிறுவத் தெரிந்த பெற்றோர் எத்தனை பேர்?

பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் 1998-இல் தொடங்கிய ரோபோ கட்டும் பெட்டிகளின் வரிசை, உலகம் முழுக்கப் பள்ளிகளில் இருந்தது. 2020 கடைசியில் ரோபோ இன்வென்டர் என்ற புதிய பெட்டியை விட்டார்கள், 2022 முடிவோடு மைண்ட்ஸ்டார்ம்ஸையே நிறுத்திவிட்டார்கள், ஆப் 2024 முடிவுவரை இருக்கும் என்று அறிவித்தார்கள். இங்கேயும் காப்பாற்றியது ஆர்வலர்கள்தான்: பைபிரிக்ஸ் என்ற மென்பொருளைக் குரோம் உலாவியிலிருந்தே அந்த லெகோ ஹப்பில் (ரோபோவின் மூளையான நடுப்பெட்டி) ஏற்றி, பைத்தான் நிரல்மொழியில் எழுதி ஓட்டலாம். அதனால் பழைய லெகோ பெட்டி யாராவது கொடுத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக, வாங்கும் முன் கேட்க வேண்டியது மூளை எங்கே என்பதுதான். பொம்மைக்குள்ளேயே இருந்து, ஆப் வெறும் ரிமோட்டாக மட்டும் இருந்தால் நல்லது. போனில் இருந்தால் பரவாயில்லை, ஆப்பும் அது ஓடுகிற போனும் இருக்கும்வரை பொம்மையும் இருக்கும். சர்வரில் இருந்தால், நீங்கள் வாங்குவது பொம்மை இல்லை, சந்தா கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது ஒரு சந்தாதான்.

மூளை உள்ளேயே இருப்பதற்கு நல்ல உதாரணம் ஸ்பீரோ. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் ஊரில் பிறந்த பந்து ரோபோ, 2011-இல் முதல் முறை விற்பனைக்கு வந்தது. 2015-இல் ஸ்டார் வார்ஸ் படத்தின் பிபி-8 பொம்மையைச் செய்ததும் இவர்கள்தான். அந்த முதல் பந்து, வெளியே பார்த்தால் மூடிய பிளாஸ்டிக் உருண்டை, திறப்பு எதுவும் கிடையாது, சார்ஜ் ஏறுவதே கம்பி செருகாமல் தூண்டல் முறையில். உள்ளே ஒரு சின்ன வண்டி இருக்கிறது. இரண்டு ரப்பர் சக்கரம் ஓட்டின் உட்சுவரில் அழுந்திக்கொண்டு ஏறப் பார்க்கும், மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்ந்த கனம் கீழே இழுக்கும், ஏறுவதும் இறங்குவதுமான அந்த இழுபறியில் பந்து உருளுகிறது. நிமிர்ந்திருக்கிறோமா, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்பதை ஜைரோஸ்கோப்பும் முடுக்கமானியும் சொல்லிக்கொண்டே இருக்கும். போன் அனுப்புவது மிகச் சின்னச் செய்தி: 0 முதல் 359 வரை ஒரு திசை, 0 முதல் 255 வரை ஒரு வேகம். அவ்வளவுதான். சமநிலை, திருத்தம் எல்லாம் பந்தின் பொறுப்பு.

இதில் பிள்ளைகள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. உருண்டைக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று வெளியே எதுவும் தெரியாது. ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால் பந்து பக்கவாட்டில் ஓடும், உடனே இது கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். பந்துக்குள் நீலமாக ஒரு வால்விளக்கு எரியும். ஆப்பில் குறிபார்க்கும் வளையத்தைத் தொட்டுச் சுற்றினால் அந்த நீலப் புள்ளி பந்துக்குள் நகரும், அது நேராக உங்களைப் பார்க்கும்போது விரலை எடுத்துவிட வேண்டும். இனி மேலே தள்ளினால் உங்களை விட்டு விலகி ஓடும். அறையின் வேறு மூலைக்குப் போய் உட்கார்ந்தால் மறுபடியும் குறிபார்க்க வேண்டும். கையேட்டில் இது ஏதோ ஒரு வரியில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. நான் பார்த்தவரை, பெரியவர்கள் கூட இருந்து முதல் நாளே சொல்லித்தர வேண்டிய விஷயம் இது ஒன்றுதான், மற்றதைப் பிள்ளைகளே நோண்டிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, இணைப்பு விஷயத்துக்கு வருவோம். இன்று வரும் பொம்மைகளில் பெரும்பாலானவை 2010-இல் வந்த ப்ளூடூத் 4.0-வின் குறைமின் ப்ளூடூத்தை (BLE, மின்சாரம் குறைவாகத் தின்னும் வகை) பயன்படுத்துகின்றன. ஹெட்செட்டை இணைப்பது போல போனின் செட்டிங்ஸில் போய்த் தேடினால் இது சரிவராது. ஆப்பைத் திறந்து, ஆப்புக்குள்ளேயே தேட வேண்டும். செட்டிங்ஸில் தெரியவில்லை, பொம்மை பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. இன்னொரு வழக்கமான கோளாறு, நேற்றுவரை வேலை செய்தது, இன்று ஆப் பொம்மையைக் காணவில்லை என்கிறது என்பது. இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும். வீட்டில் இன்னொரு போனிலோ டேப்லெட்டிலோ அதே ஆப் பின்னணியில் திறந்து கிடந்தால் அது பொம்மையைப் பிடித்து வைத்திருக்கும். அங்கே ஆப்பை மூடுங்கள், இங்கே கிடைத்துவிடும்.

கேமரா உள்ள பொம்மைகள் வைஃபைதான், ஏனென்றால் குறைமின் ப்ளூடூத்தில் வீடியோ போகாது. இங்கே தொல்லை வேறு மாதிரி. பொம்மையின் வைஃபையில் சேர்ந்தவுடன் போன், இதில் இணையம் இல்லை என்று முடிவுகட்டி, நைசாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். வீடியோ நின்றுவிடும், நாம் பொம்மையைத் திட்டுவோம். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, இணையம் இல்லாவிட்டாலும் இதிலேயே இரு என்று போன் கேட்கும் இடத்தில் ஆம் கொடுத்தால் தீர்ந்தது. ஐபோனில் இன்னொன்று: ஐஓஎஸ் 14-இலிருந்து உள்ளூர் நெட்வொர்க் அனுமதி என்று தனியாக ஒன்று கேட்கும், அதற்கு வேண்டாம் என்று அழுத்தியிருந்தால் இணைப்பு இருந்தும் எதுவும் நடக்காது.

லொகேஷன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நியாயமான காரணமும் உண்டு, அயோக்கியத்தனமும் உண்டு, இரண்டும் ஒரே பெட்டியில் வந்து நிற்கும். கடைகளிலும் மால்களிலும் ப்ளூடூத் பீக்கன் என்று சின்னக் கருவிகளை ஒட்டி வைப்பார்கள். எந்தப் பீக்கன் அருகில் இருக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்றும் தெரிந்துவிடும். அதனால், சுற்றியுள்ள ப்ளூடூத் கருவிகளைத் தேடுகிற ஆப் எதுவானாலும் லொகேஷன் அனுமதி வாங்கியாக வேண்டும் என்று ஆண்ட்ராய்டு 6-இல் விதி வந்தது, ஆண்ட்ராய்டு 11 வரை அப்படித்தான். பொம்மையைத் தேடவும் அதே அனுமதிதான், வேறு வழியே கிடையாது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12-இல் இதைப் பிரித்துவிட்டார்கள்: அருகிலுள்ள சாதனங்கள் என்று தனி அனுமதி, லொகேஷன் தேவையில்லை. ஆகவே உங்கள் போன் ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால், ப்ளூடூத் பொம்மை ஒன்று லொகேஷன் இல்லாமல் நகரமாட்டேன் என்று அடம்பிடித்தால், ஒன்று ஆப் பழசு, இல்லை வேறு நோக்கம்.

வேறு நோக்கம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையம் ஏபிட்டர் என்ற சீன ரோபோ பொம்மை நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. பிள்ளைகளுக்கான ரோபோ, அதை ஆண்ட்ராய்டு போனில் இணைக்க லொகேஷனை இயக்கியே ஆக வேண்டும், ஆப்புக்குள் மூன்றாம் நிறுவனம் ஒன்றின் மென்பொருள் இருந்தது, அது குழந்தைகளின் துல்லியமான இருப்பிடத்தைப் பெற்றோரின் அனுமதி இல்லாமல் திரட்டியது என்பது குற்றச்சாட்டு. 5 லட்சம் டாலர் அபராதம் விதித்து, கட்ட வசதியில்லை என்பதால் நிறுத்தி வைத்தார்கள். கவனியுங்கள், அனுமதி கேட்கும் பெட்டியில் இருப்பது அதே வழக்கமான வரிதான். பொம்மையைத் தேடுவதற்காகக் கொடுத்த அனுமதியை, கூடவே ஒட்டிக்கொண்டு வந்த இன்னொருவன் பயன்படுத்திக்கொண்டான்.

இதற்கு என் வழி எளிது. பழைய போன் ஒன்றை முழுக்க ரீசெட் செய்து, சிம் இல்லாமல், பிள்ளையின் பெயரோ பிறந்த தேதியோ எதுவும் தராமல் பொம்மைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஆப் இறங்கியதும் வைஃபையையும் நிறுத்திவிடலாம். ஆனால் அந்தப் பழைய போனின் ஆண்ட்ராய்டு பதிப்பை இந்த ஆப் ஏற்குமா என்று ப்ளே ஸ்டோரில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பதிப்பு 11 அல்லது அதற்குக் கீழே என்றால் லொகேஷன் கேட்கத்தான் செய்யும், இணையமே இல்லாத போனில் கொடுத்துவிட்டுப் போகலாம்.

மைக் உள்ள பொம்மை என்றால் இன்னும் ஒரு படி எச்சரிக்கை வேண்டும். ஐ-க்யூ என்று ஒரு ரோபோ, கெய்லா என்று ஒரு பொம்மை, இரண்டும் ஆப்போடு ப்ளூடூத்தில் பேசுபவை. இணையும்போது கடவு எண் எதுவும் கேட்காது. பக்கத்தில் நிற்கும் யாரும் தன் போனில் இணைத்து, பொம்மை வழியாகக் குழந்தையிடம் பேசலாம், குழந்தை பேசுவதைக் கேட்கலாம் என்று நார்வே நுகர்வோர் கவுன்சில் 2016 டிசம்பரில் காட்டியது. 2017 பிப்ரவரியில் ஜெர்மனி கெய்லாவை மறைமுக ஒட்டுக்கேட்புக் கருவி என்று வகைப்படுத்தித் தடைசெய்தது, வைத்திருப்பவர்கள் அழித்துவிட வேண்டும் என்றது. மைக் இல்லாத, சும்மா ஓடுகிற வண்டியைப் பக்கத்து வீட்டுப் பையன் கடத்திப்போய் இரண்டு சுற்று சுற்றினால் சிரித்துவிட்டுப் போகலாம். மைக் இருந்தால் முடியாது.

இனி, நாமே செய்ய முடியாதா என்ற கேள்வி. தாராளமாக முடியும், என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த வழி. ஆர்டுயினோ (நாம் எழுதும் நிரலை ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை) போர்டு ஒன்று, எச்சி-05 (HC-05) ப்ளூடூத் மாட்யூல், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் கியர் மோட்டார் சக்கரத்தோடு ஒரு சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), எல்லாம் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ப்ளே ஸ்டோரில் இதற்கான ரெடிமேட் ஆப்கள் குவிந்து கிடக்கின்றன. முன்னால் போக ஓர் எழுத்து, பின்னால் வர ஓர் எழுத்து, நிற்க ஓர் எழுத்து, ஆப் அனுப்புவது அதை மட்டும்தான். எம்ஐடி ஆப் இன்வென்டர் என்ற ஆப் செய்யும் கருவியில் உங்கள் மகளே திரையில் கட்டளைக் கட்டைகளை இழுத்துப் போட்டு அந்த ஆப்பை உருவாக்கிவிட முடியும். முதல் முறை இணைக்கும்போது 1234 அல்லது 0000 கேட்கும். இதை மட்டும் செட்டிங்ஸில் போய்த்தான் இணைக்க வேண்டும், இது பழைய வகை ப்ளூடூத். அதனாலேயே ஐபோனில் வேலை செய்யாது. ஐபோன்தான் இருக்கிறது என்றால் எச்எம்-10 (HM-10) மாட்யூல் வாங்குங்கள், அல்லது ஆர்டுயினோவுக்குப் பதில் இஎஸ்பி32 (ESP32) போர்டில் குறைமின் ப்ளூடூத்தைப் பயன்படுத்துங்கள்.

இதில் இரண்டு இடத்தில் எல்லாரும் மாட்டுவார்கள். முன்னால் போ என்று அழுத்தியவுடன், சரியாக அந்த நொடியில் ப்ளூடூத் அறுந்துபோகும். மாட்யூலை மாற்றுவார்கள், ஆப்பை மாற்றுவார்கள், நிரலை மாற்றுவார்கள். கோளாறு அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரியில் இருக்கும். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தை அது தாங்காது, வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். எல்298என் வேறு தன் பங்குக்கு 2 வோல்ட் அளவு தின்றுவிடும். 18650 என்ற ரீசார்ஜ் செய்யும் லித்தியம் செல் இரண்டைத் தொடராகப் போடுங்கள், பிரச்சினை காணாமல் போகும். ஆனால் அந்தச் செல்லைச் சார்ஜ் போடுவது பெரியவர்கள் வேலை, அதற்குரிய சார்ஜரில் மட்டும்.

இரண்டாவது, நில் என்ற எழுத்து வந்து சேராமல் போவது. விரலை எடுத்தீர்கள், அந்த நேரம் பார்த்து இணைப்பு போய்விட்டது, வண்டியோ கடைசியாகக் கேட்ட முன்னால் போ என்பதையே பிடித்துக்கொண்டு சுவரில் போய் மோதும், மாடிப்படி இருந்தால் இன்னும் விசேஷம். அரை நொடிக்குள் புதுக் கட்டளை வராவிட்டால் மோட்டாரை நிறுத்து என்று நிரலில் ஒரு நிபந்தனை போட வேண்டும், ஆப்பும் விரல் பட்டிருக்கும்வரை எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். நல்ல கம்பெனிப் பொம்மைகளில் இதெல்லாம் ஏற்கெனவே இருக்கும். டெல்லோ என்ற 80 கிராம் குட்டி டிரோனைக் கணினியிலிருந்து நிரல் எழுதிப் பறக்கவிடும்போது, 15 நொடிக்குக் கட்டளை வராவிட்டால் தானே தரையிறங்கிவிடும். மலிவுப் பொம்மைக்கும் விலை கூடிய பொம்மைக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று கேட்டீர்களே, பாதி வித்தியாசம் இந்த மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான். மீதி, கோடிங் ஆப் உண்டா இல்லையா என்பது.

உங்கள் மகளுக்கு என்று கேட்டால், ஒன்பது வயதுக்கு வெறும் ரிமோட் வண்டி ஒரே வாரத்தில் சலித்துவிடும். கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் வசதி உள்ளதாகப் பாருங்கள். ஸ்பீரோவின் குட்டிப் பந்தான ஸ்பீரோ மினி, எம்பாட் (mBot) என்ற சக்கர ரோபோ இரண்டுமே சரியான தேர்வு. எம்பாட் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் ப்ளூடூத் பதிப்பு, 2.4ஜி பதிப்பு என்று இரண்டு உண்டு, 2.4ஜி என்பது கணினியில் செருகும் டாங்கிளோடுதான் பேசும், போனோடு பேசாது. பெட்டிப் படம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், விற்பவர்களுக்கும் பல நேரம் தெரியாது. உங்களுக்குச் சாலிடரிங் வரும், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நேரமும் உண்டு என்றால் எச்சி-05 வண்டியையே சொல்வேன்.

ரெடிமேடாக எதை வாங்கினாலும், பெட்டி வந்த அன்றே ஒரு சோதனை. ஆப்பை இறக்கி, ஒருமுறை இணைத்து, அப்டேட் கேட்டால் அதையும் முடித்துவிடுங்கள். பிறகு போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி, ப்ளூடூத்தை மட்டும் திரும்பப் போட்டு (பொம்மை வைஃபை வகை என்றால் அதன் வைஃபையை மட்டும்) ஓட்டிப் பாருங்கள். ஓடினால் வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லை என்று ஆப் உள்ளேயே விடாமல் நின்றுகொண்டால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முடிவெடுத்துவிடுங்கள்.